ஐந்து விரலுக்கு ஐந்து கட்டு

எங்கள் தெருவில் யார் கையில் வெந்நீர் கொட்டினாலும், வடித்த கஞ்சி தெறித்தாலும், ஆள் என் வீட்டுக்குத்தான் ஓடி வருகிறது. "அண்ணே, இதுக்கு இன்னா வெக்கலாம்?" என்று கேட்கிறார்கள். நான் வைத்தியனும் இல்லை, கம்பவுண்டரும் இல்லை. முதலியார்பேட்டை மில்லில் நூலுக்குக் கஞ்சி போடுகிறவன். வலது கையில் ஒரு வெந்த புண்ணை வாங்கிக்கொண்டு பெரியாஸ்பத்திரியில் போய்ப் படுத்தவன். அங்கே கட்டைப் பிரித்துக் கட்டும்போதெல்லாம் மற்றவர்கள் முகத்தைத் திருப்பிக்கொள்வார்கள். நான் திருப்பாமல் பார்த்தேன். என் படிப்பு அவ்வளவுதான். வாயால் சொல்லிச் சொல்லி அலுத்துவிட்டதால் எழுதி வைக்கிறேன். இனி வருகிறவர்கள் படித்துக்கொள்ளட்டும்.

நூலுக்குக் கஞ்சி போடுவது என்றால் என்ன என்று தெரியாதவர்களுக்காக முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன். நூற்று வந்த நூல் அப்படியே தறிக்குப் போனால் உராய்ந்து உராய்ந்து அறுந்துவிடும். அதனால் மாவும் கொழுப்பும் போட்டுக் காய்ச்சிய கஞ்சியில் அதை முக்கி எடுத்து, சூடான உருளைகளின்மேல் ஓட்டிக் காய வைப்போம். பஞ்சும் கஞ்சியும் சேர்ந்து காய்ந்தால் என்னமாய் இறுகிப்போகும் என்பது எங்களைவிட வேறு யாருக்குத் தெரியும்? அது தெரிந்தே கோட்டை விட்டோம்.

எங்கள் ஊரில் பிரெஞ்சுக் கொடி இறங்கி ஒரு வருஷம் ஆகியிருக்காது. காலை ஷிப்டு. தொட்டியைச் சுற்றித் தரை எப்போதும் வழவழவென்றுதான் இருக்கும். அதில் நடந்து பழகிய காலுக்கு அன்றைக்கு என்ன கேடோ, சறுக்கிவிட்டது. விழாமலிருக்க எதையாவது பிடிக்கலாம் என்று கையை நீட்டினேன். கை போனது நேராகக் கஞ்சிக்குள், மணிக்கட்டு வரை. கண்மூடித் திறப்பதற்குள் எடுத்துவிட்டேன். ஆனால் கஞ்சி தண்ணீர் மாதிரி வழிந்து போகிற சாதி இல்லை. தோலோடு அப்பிக்கொண்டு, தொட்டியிலிருந்து வந்த பிறகும் வேக வைத்துக்கொண்டே இருந்தது.

நான் கத்திய கத்தலில் முதலில் ஓடி வந்தவன் சிங்காரம். என்னோடு ஒரே நாளில் வேலைக்குச் சேர்ந்தவன். அண்ணன் தம்பி இல்லாத எனக்கு அவன்தான் எல்லாம். எங்கள் மில்லில் ஒரு வழக்கம் உண்டு: யாருக்கு எங்கே அறுத்தாலும் கிழித்தாலும் முதல் வைத்தியம் பஞ்சுதான். பிளேடு கிழித்தால் ஒரு சிட்டிகை பஞ்சை வைத்து அழுத்திப் பிடிப்போம். ரத்தம் நின்றுவிடும். சாயங்காலம் அது தானாக விழுந்துவிடும். அந்த நம்பிக்கையில் சிங்காரம் நூற்புப் பக்கம் பறந்து போய், வெள்ளை வெளேரென்று மெத்தென்ற பஞ்சை ஒரு கை நிறைய அள்ளி வந்தான். கஞ்சியைக்கூடக் கழுவவில்லை. ஐந்து விரலையும் ஒன்றாகக் குவித்து, மேலே பஞ்சைச் சுற்றோ சுற்றென்று சுற்றி, தன் தலைத் துண்டைக் கிழித்துக் கட்டிவிட்டான்.

"ஒண்ணும் ஆவாதுடா. ரெண்டு நாள்ல தோலு வந்துடும்," என்றான். எனக்கும் அது நல்லதாகத்தான் தோன்றியது. சொல்லப்போனால் அந்த மெத்தென்ற கதகதப்பில் கொஞ்சம் வலி அடங்கியதுபோலக்கூட இருந்தது.

ஏன் அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போகவில்லை என்று இன்றைக்கும் கேட்கிறார்கள். கட்டுத்தான் போட்டாயிற்றே! கட்டுப் போட்ட புண்ணைப் பிரித்தால் காற்றுப் பிடிக்கும் என்பது எங்கள் சாஸ்திரம். வீட்டில் கையை மார்மேல் வைத்துக்கொண்டு மகாராஜா மாதிரி படுத்திருந்தேன். பார்க்க வந்தவர்களெல்லாம் கட்டின் பருமனைப் பார்த்து உச்சுக் கொட்டிவிட்டுப் போனார்கள். என் மனைவி அமிர்தம்தான் ஒரு காலையில் மூக்கைச் சுளித்தாள்.

"இன்னாங்க, ஒரு வாடை வருதே."

"கஞ்சி வாடைடீ. நாள்பட்டா புளிக்கும்."

"புளிச்ச கஞ்சி வாடை எனக்குத் தெரியாதா? இது அது இல்ல. எழுந்திரிங்க."

சிங்காரத்தைக் கூப்பிட்டனுப்பினாள். அவன் ரிக்‌ஷாவோடு வந்தான். அமிர்தமும் எங்களோடு ஏறிக்கொண்டாள். வழி முழுக்க அவன், "பிரிக்க வேணாம்னு சொல்லு, ஊசி மட்டும் போடச் சொல்லு," என்று எனக்குப் புத்திமதி வேறு சொல்லிக்கொண்டு வந்தான்.

ஆஸ்பத்திரித் தாழ்வாரத்தில் காத்திருந்தபோது என்னைப்போல் பலபேர் இருந்தார்கள். காலைத் தூக்கி இன்னொருத்தர் மடியில் வைத்திருந்தவர், தலையில் துண்டை அழுத்திப் பிடித்திருந்தவர் என்று ஒவ்வொருத்தரும் ஒவ்வொரு விதம். துணி, சாம்பல், மஞ்சள், காப்பித் தூள் என்று அவரவர் கைக்கு எது கிடைத்ததோ அது புண்ணின்மேல் இருந்தது. வயல்காரன் மண்ணை வைக்கிறான், சமையல்காரி காப்பித் தூளை வைக்கிறாள், மில்காரன் பஞ்சை வைக்கிறான். எந்தப் புண்ணுக்கு எது தேவை என்று யார் யோசித்தார்கள்? இது எனக்குப் பிற்பாடு தோன்றியது. அப்போது தோன்றியதெல்லாம், என் முறை வரக் கூடாது என்பதுதான்.

வந்தது. கட்டுப் போடுகிற அறையில் இருந்தவர் ஒரு மசேர். கன்னியாஸ்திரிகளை இந்த ஊரில் அப்படித்தான் கூப்பிடுவோம். பிரெஞ்சுக்காரன் வார்த்தை எங்கள் வாயில் விழுந்து அப்படி ஆகிவிட்டது. காரைக்கால் பக்கத்துத் தமிழ்ப் பெண்மணி, ஐம்பது வயதிருக்கும். துண்டை அவிழ்த்தார். பஞ்சு, கஞ்சி, தோல், சீழ் எல்லாம் சேர்ந்து ஒரே பாளமாகக் காய்ந்து கிடந்தது. மேலே விரலால் தட்டினால் டொக்கென்று சத்தம் கேட்டது.

"உன் கை மேல யாருப்பா துணி நெய்ஞ்சது?" என்று கேட்டார்.

நான் சிங்காரத்தைக் காட்டினேன். அவன் சுவரோடு சுவராக ஒட்டிக்கொண்டான்.

"இழுத்துப் பிச்சா உள்ள இருக்கிற நல்ல தோலும் சேந்து வந்துடும். ஊறணும்," என்று சொல்லி, காய்ச்சி ஆறிய உப்புத் தண்ணீரை ஒரு பெரிய வெள்ளைப் பீங்கான் பூச்சுப் பாத்திரத்தில் ஊற்றிக் கையை உள்ளே வைக்கச் சொன்னார். காலையில் வைத்த கை, ஆஸ்பத்திரிச் சாப்பாட்டு மணி அடித்த பிறகும் உள்ளேயே இருந்தது. தண்ணீரை மாற்றி மாற்றி, சின்ன இடுக்கியால் ஒவ்வொரு இழையாக எடுத்தார். அப்போது வந்த வலியை எழுத எனக்குத் தெரியவில்லை. பெற்ற தாயைக் கூப்பிட்டேன்; அதற்குப் பிறகு சிங்காரத்தின் தாயைக் கூப்பிட்டேன், அது வேறு மாதிரி. மசேர் காதில் விழாததுபோல் இருந்தார்.

பஞ்சு போன பிறகு டாக்டர் வந்தார். நம்ம ஊர்க்காரர்தான், படித்தது பிரெஞ்சில். மசேரிடம் "புருலூர், தெசியேம் தெக்ரே" என்றார். வெந்த புண், இரண்டாம் படி என்று அர்த்தமாம். தெக்ரே என்றதும் நான் காய்ச்சல் டிகிரி சொல்கிறார் என்று நினைத்துக்கொண்டேன். கேட்டதும் நின்று விளக்கினார், நல்ல மனுஷன். தோல் சிவந்து எரிவதோடு நின்றால் முதல் படி. கொப்புளம் கட்டி மேல்தோல் கழன்று வந்தால் இரண்டாம் படி. அதற்கும் கீழே அடித்தோல் வரை வெந்துபோனால் மூன்றாம் படி. அங்கே நரம்பும் வெந்துவிடுவதால் வலிக்கவே வலிக்காது.

ஒரு ஊசியை எடுத்து ஒவ்வொரு விரலாக லேசாகக் குத்தினார்.

"வலிக்குதா?"

"உயிர் போவுதுங்க."

"ரொம்ப நல்லது." அடுத்த விரலுக்குப் போனார்.

வலிக்கிறது என்று சொல்லச் சொல்ல அவர் முகம் மலர்ந்தது. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. சுண்டு விரலின் வெளிப் பக்கத்தில் குத்தியபோது மட்டும் நான் ஒன்றும் சொல்லவில்லை. குத்தினாரா என்றே தெரியவில்லை. அவரும் மறுபடி குத்தவில்லை.

"இங்க ஆழமா இருக்கு. அதோட இந்த மோதிர விரலும் சுண்டு விரலும் சேர்ந்து கிடந்ததால இடுக்குல ஒட்ட ஆரம்பிச்சிருக்கு. பச்சைப் புண்ணும் பச்சைப் புண்ணும் ஒட்டிக் கிடந்தா, உடம்புக்கு எது எந்த விரல்னு தெரியாது. ஒரே தோலா போர்த்திடும். இன்னும் கொஞ்ச நாள் அப்படியே விட்டிருந்தா அஞ்சு விரலும் ஒரு அகப்பையா ஆயிருக்கும்."

"இப்ப?"

"இப்ப சொல்ல முடியாது. பார்க்கலாம்."

என் வேலையில் அறுந்த இழையைக் கண்ணால் பார்ப்பதற்குள் விரல் முடிச்சுப் போட்டிருக்கும். அந்த விரல்கள் தனித்தனியாக நீண்டு மடங்காவிட்டால் என்னை மில்லில் வாசல் பெருக்கக்கூட வைத்துக்கொள்ள மாட்டார்கள். பிரெஞ்சுக்காரன் போய், இருக்கிற வேலை இருக்குமா என்றே எல்லோரும் பேசிக்கொண்டிருந்த காலம் அது. கல்யாணமாகி இரண்டாவது வருஷம், அமிர்தம் வயிற்றில் பிள்ளை. என் உடம்பில் வேறு எது போனாலும் போகட்டும், இந்தக் கை போகக் கூடாது என்று அந்தப் பீங்கான் பாத்திரத்தைப் பார்த்துக்கொண்டே வேண்டிக்கொண்டேன்.

அப்போதுதான் சிங்காரம் வாயைத் திறந்தான். "நல்லதுன்னு நெனச்சித்தான்டா..." என்று ஆரம்பித்தான்.

"போடா! என் மூஞ்சில முழிக்காத!" என்று கத்தினேன். வெந்த புண்ணில் வேல் பாய்ச்சுவது என்பார்களே, அந்த நேரத்தில் அவன் குரல் எனக்கு அப்படி இருந்தது. அவன் தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு வெளியே போனான். அதற்குப் பிறகு வெகுநாள் நான் அவனோடு பேசவில்லை.

அன்று மசேர் போட்ட கட்டை நான் மறக்க மாட்டேன். ஒவ்வொரு விரலாக எடுத்து, தனியாகச் சுற்றினார். விரலுக்கும் விரலுக்கும் நடுவில், இடுக்கின் அடி வரை துணியைச் செருகினார். கட்டைவிரல் உள்பட ஐந்து கட்டு. "பேய் கை மாதிரி இருக்குங்க," என்று அமிர்தம் பின்னால் நின்று முணுமுணுத்தாள்.

"அஞ்சு புள்ளைங்கள ஒரே சட்டைக்குள்ள போடுவியாம்மா? தனித்தனிதானே?" என்றார் மசேர்.

முதல் நாட்களில் வைத்தது ஈரக் கட்டு. சீழ் பிடித்த புண்ணுக்கு அதுதான். சலவைக்காரன் வெள்ளாவி மணம்போல் மூக்கில் ஏறும் ஒரு மருந்துத் தண்ணீரில் மெல்லிய துணியை நனைத்து வைப்பார்கள். அது காய விடாமல் நனைத்துக்கொண்டே இருக்க வேண்டும். காய்ந்தால் பழைய கதைதான், ஒட்டிக்கொள்ளும். அதற்கும் மேலேதான் பஞ்சு. பார்த்தீர்களா, பஞ்சு கெட்டதில்லை. ஊறி வரும் அசுத்தத்தை உறிஞ்ச அதைப்போல் வேறொன்று கிடையாது. புண்ணைத் தொடாமல் மேல் மாடியில் குடியிருக்கும்வரை அது நல்ல பிள்ளை. இதோடு பெனிசிலின் ஊசி வேறு, உட்கார முடியாமல்.

வார்டில் எனக்கு இந்தப் பக்கம் கடலோரக் குப்பத்திலிருந்து வந்த பக்கிரி. வலை இழுக்கும்போது திருக்கை மீன் முள் கெண்டைக்காலில் ஏறிவிட்டது. வெளியே பார்த்தால் ஒரு புளியங்கொட்டை அளவு ஓட்டைதான், உள்ளே விரல் நீளத்துக்கு ஆழம். அந்தப் பக்கம் கோரிமேட்டுக்கு அப்பாலிருந்து வந்த விவசாயி நாராயணசாமி. அரிவாள் தொடையைக் கோடு இழுத்ததுபோல் வெட்டியிருந்தது. மூன்று பேரும் ஒருத்தர் கட்டைப் பார்த்து ஒருத்தர் பொறாமைப்பட்டோம், நம்புங்கள்.

நாராயணசாமிக்கு வந்த அன்றே கழுவித் தைத்து, உலர்ந்த துணி வைத்துக் கட்டிவிட்டார்கள். பிறகு அதைத் தொடவே இல்லை. அவருக்கு அது பெரிய மனக்குறை. "மில்லுக்காரருக்கு தெனம் பிரிச்சிப் பிரிச்சிக் கட்றீங்க. எனக்கு இன்னா, கேக்க ஆளில்லாதவன்னா?" என்று மசேரிடமே கேட்டுவிட்டார்.

"சுத்தமா வெட்டின காயம், வாயை மூடித் தச்சாச்சு. அத சும்மா விடறதுதான் மருந்து. உங்களத் திறந்து பாத்தா நல்லது ஒண்ணும் நடக்காது பெரியவரே," என்றார் மசேர்.

பக்கிரிக்கு நேர் எதிர் குறை. "இத்தினியூண்டு ஓட்டை. அவருக்கு அம்மாம் நீளத்துக்குத் தச்சாங்க, எனக்கு ரெண்டு தையல் போட்டா கொறஞ்சா பூடும்?" அவன் ஓட்டைக்குள் நாடாபோன்ற துணியைத் திரித்துச் செருகி, வாலை வெளியே விட்டிருந்தார்கள். மேல் வாயைத் தைத்துவிட்டால் உள்ளே இருக்கும் விஷமும் அழுக்கும் வெளியேற வழி இருக்காது. மேலே ஆறிவிட்டதுபோல் காட்டிக்கொண்டு உள்ளே புரையோடும். அதனால் அடியிலிருந்து சதை வளர்ந்து மேலே வரும்வரை வாசலைத் திறந்து வைத்திருக்கத்தான் அந்தத் துணி. தினமும் கொஞ்சம் கொஞ்சம் குறைவாகச் செருகுவார்கள். இதையெல்லாம் கேட்டுவிட்டு அவன் என் கையைப் பார்த்தான்.

"அஞ்சு வெரலும் ஒண்ணாவா இருக்குன்னு பெரியவங்க கேட்டாங்களே, உன் கைய அவங்க பாக்கல மாமா," என்றான். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஆஸ்பத்திரிக்கு வந்த பிறகு அதுதான் முதல் சிரிப்பு.

மூன்று பேர், மூன்று புண். ஒருத்தருக்கு மூடி வைப்பது மருந்து, ஒருத்தருக்குத் திறந்து வைப்பது மருந்து, எனக்கு ஒட்டாமல் வைப்பது மருந்து. கட்டுகளை இடம் மாற்றிக் கட்டியிருந்தால் மூன்று பேருமே கெட்டிருப்போம்.

அமிர்தம் காலையும் மாலையும் வந்தாள். இடது கையால் சாப்பிட எனக்கு மனம் ஒப்பவில்லை, அவள்தான் ஊட்டினாள். அத்தனை பேர் நடுவில் வயிற்றைத் தள்ளிக்கொண்டு அவள் ஊட்டுவதும், நான் வாயைத் திறப்பதும் வெட்கமாக இருந்தது. மீன் சீழ் பிடிக்க வைக்கும் என்று ரசம் சோறாகவே கொண்டு வந்தாள். மசேர் தூக்குச் சட்டியைத் திறந்து பார்த்துவிட்டு, "தோல் எதுலேருந்தும்மா வளரும், ரசத்துலேருந்தா? முட்டை குடு, மீன் குடு," என்று அதட்டினார். அமிர்தம் பாதி நம்பினாள். மீனைக் கொண்டு வந்தாள், ஆனால் கொடுக்கும்போதெல்லாம் வாய்க்குள் முருகனைக் கூப்பிட்டுக்கொண்டாள்.

"சிங்காரம் அண்ணன் தெனம் ஷிப்டு முடிஞ்சி கேட்டண்ட வந்து நிக்குது," என்பாள். நான் முகத்தைத் திருப்பிக்கொள்வேன். "ஒரு தடவ உள்ள வரட்டுமே," என்பாள். "வந்தா நான் எழுந்து வெளிய போயிடுவேன்," என்பேன். எனக்கு அப்போது பயம் முழுதும் கோபமாகத்தான் வெளியே வந்தது. சுண்டு விரலைப் பற்றி நினைக்கிறபோதெல்லாம் அவனைத் திட்டினால் கொஞ்சம் ஆறுதலாக இருந்தது.

ஒரு காலையில் கட்டைப் பிரித்த மசேர், "ம், கொய்யாப்பழம்," என்றார். சீழ் போய், புண் கொய்யாப்பழத்துச் சதைபோல் சிவந்திருந்தது. அதுதான் நல்ல நிறமாம். புண்ணுக்கும் வயது உண்டு, நேற்று பொருந்திய கட்டு இன்று பொருந்தாது என்று சொன்னார். இனி ஈரக் கட்டு வேண்டாம். அது புதிதாக வரும் தோலையும் ஊற வைத்துக் கெடுக்கும். இனி வைக்க வேண்டியது துல் கிரா. வேறொன்றுமில்லை, கொசுவலைபோல் கண் விட்ட துணியை வாசலீனில் முக்கி, தகர டப்பாவில் வைத்து வேக வைத்தது. வாசலீன் இருப்பதால் புண்ணோடு ஒட்டாது. கண் இருப்பதால் கசிவது மேலே இருக்கும் துணிக்குப் போய்விடும். எடுக்கும்போது இலையிலிருந்து அல்வா வருவதுபோல் வழுக்கிக்கொண்டு வரும். முதன்முதல் அதை வைத்து எடுத்த அன்று வலிக்காததால் நான் பயந்தே போனேன். வலிக்காவிட்டால் கெடுதல் என்று டாக்டர் சொல்லியிருந்தாரே!

டப்பாவிலிருந்தது சீக்கிரம் தீர்ந்துவிட்டது. அந்த வலைத் துணி அதுவரை கப்பலில் வந்துகொண்டிருந்ததாம். கொடி மாறியதில் கப்பல் சரக்கும் இழுத்துக்கொண்டே போனது. கிடைக்கும்வரை நாமே செய்துகொள்ளலாம், நல்ல வலைத் துணி வாங்கி வா என்று மசேர் அமிர்தத்திடம் சொன்னார். அவள் கடைத்தெருவில் வாங்கி வந்தாள். மசேர் அதை விரலுக்கிடையில் கசக்கிப் பார்த்துத் திருப்பிக் கொடுத்தார்.

"கஞ்சி போட்டிருக்கு. வெறப்பா இருக்கு பாரு. இத வெச்சா புண்ணைக் கீறும்."

மறுநாள் அமிர்தம் அதே துணியைக் கொண்டு வந்தாள், ஆனால் அதே துணி என்று சொல்ல முடியாது. தூக்கிப் பிடித்தால் தண்ணீர்போல் தொய்ந்து விழுந்தது. மசேர் தலையை ஆட்டி உள்ளே எடுத்துப் போனார். அந்தத் துணியில் செய்த துல் கிராவைத்தான் பிறகு நாள்தோறும் என் விரலில் சுற்றினார்கள்.

"நல்லா அலசியிருக்கியே," என்றேன் ஒரு நாள் அமிர்தத்திடம்.

"நான் எங்க அலசினேன்? எனக்குக் கஞ்சி எடுக்கத் தெரியுமா? சிங்காரம் அண்ணன்தான் எடுத்துக்கினு போச்சி. கொதிக்க வெச்சி, அலசி, திரும்பக் கொதிக்க வெச்சி, தண்ணி தெளியற வரைக்கும் விடலியாம். அவுங்க வூட்ல அன்னிக்கி ஒலையே வெக்கலியாம், அடுப்புல இதுதான்."

நான் கையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பிரித்து எறி என்று சொல்ல வாய் வந்தது. ஆனால் விரல் வலிக்காமல் இருந்தது. கோபத்தை வைத்துக்கொண்டு கட்டை ஏற்றுக்கொண்டேன், அதுதான் உண்மை.

தோல் வர வர வேறொரு தொல்லை ஆரம்பித்தது. புதுத் தோல் சுருங்கும். அசைக்காமல் விட்டால் விரலை உள்ளே இழுத்து அப்படியே பூட்டிவிடும். "கட்டுப் போடறது என் வேல. மடக்கி நீட்டறது உன் வேல," என்று சொல்லிவிட்டார் மசேர். வெதுவெதுப்பான தண்ணீரில் கையை வைத்து மடக்குவேன். கண்ணில் தண்ணீர் வரும். கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் முதலில் சொன்ன பேச்சைக் கேட்டன. நடுவிரல் பின்னால் வந்தது. மோதிர விரல் முரண்டு பிடித்தது. அதற்கும் சுண்டு விரலுக்கும் நடுவில் டாக்டர் தினமும் தன் விரலால் தடவிப் பார்ப்பார். இடுக்கு அடி வரை பிரிந்தே இருந்தது. ஆனால் சுண்டு விரல் மட்டும் பாதி மடங்கி நின்றது, நீளவும் இல்லை, முழுதாக மடங்கவும் இல்லை.

"தைரியமா இரு. கையில பலம் வருதான்னு போகப் போகத்தான் தெரியும்," என்று சொல்லி வீட்டுக்கு அனுப்பினார். நாராயணசாமி எப்போதோ தையல் பிரித்துக்கொண்டு போயிருந்தார். பக்கிரி இன்னும் படுத்திருந்தான். ஓட்டை முக்கால் பாகம் நிறைந்துவிட்டது என்று எனக்குக் காலைத் தூக்கிக் காட்டி வழி அனுப்பினான்.

வீட்டுக்கு வந்தும் கை எனக்குச் சொந்தமானதாகத் தெரியவில்லை. தளதளவென்று இளஞ்சிவப்பாக இருந்தது. யாரோ பெற்ற குழந்தையைப் பார்த்துக்கொள்வதுபோல அதை மார்போடு வைத்துக்கொண்டே திரிந்தேன். தேங்காய் எண்ணெய் தடவினேன், மடக்கினேன், நீட்டினேன். ஆனால் எதையும் பிடிக்க மாட்டேன். தண்ணீர்க் குவளையைக்கூட இடது கையால்தான் எடுத்தேன். பிடித்துப் பார்த்து நழுவிவிட்டால் என்ன செய்வது? தெரியாமலிருக்கும்வரை நம்பிக்கையாவது மிச்சம். மில்லில் திரும்ப வரச் சொல்லிக் கெடு வைத்திருந்தார்கள். அது நெருங்க நெருங்க நான் கையை இன்னும் இறுக மார்போடு அணைத்துக்கொண்டேன். அமிர்தம் இன்னும் ஊட்டிக்கொண்டுதான் இருந்தாள்.

அப்படி ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் சிங்காரம் வந்தான். வாசலோடு நிற்கிறவன், அன்று உள்ளே வந்தான். வெள்ளை வேட்டி கட்டியிருந்தான். என்னைப் பார்க்காமல் அமிர்தத்திடம் பேசினான்.

"தங்கச்சி, சொல்லிட்டுப் போவலாம்னு வந்தேன். மில்லுக்கு இனிமே போவல, சீட்டக் கிழிக்கச் சொல்லிட்டேன். சாரம் கிராமத்துல எங்க சித்தப்பா மாடு வெச்சிருக்கார், அவரோட பால் கறந்து பொழைச்சிக்கிறேன்."

"இன்னாண்ணே இது, இன்னாத்துக்கு?"

"அந்தத் தொட்டியண்ட போயி நின்னா வேல ஓடல தங்கச்சி. இவன் எடத்துல வேற ஒருத்தன் நிக்கிறான். இவன் வெரலக் கெடுத்தவன் நானு. அந்த எடத்துல நின்னு நான் மட்டும் சம்பளம் வாங்கினா வெளங்குமா?"

எனக்குள் என்ன நடந்தது என்று தெரியவில்லை. இத்தனை நாள் அவன்மேல் இருந்த கோபம் வேறு, இது வேறு. என் கை போனது போதாதென்று இந்த மடையன் தன் பிழைப்பையும் கொண்டுபோய்த் தொட்டியில் போடுகிறானே! நான் அந்தத் தொட்டிக்குத் திரும்பிப் போனால் பக்கத்தில் யார் இருப்பார்கள்? எழுந்தேன். அவன் சட்டையைக் கொத்தாகப் பிடித்து என் பக்கம் திருப்பினேன். "போவியாடா? என்ன உட்டுட்டுப் போவியா?" என்று கேட்டு, கன்னத்தில் ஒன்று விட்டேன். பளீரென்று.

அடுப்பங்கரை வாசலில் நின்றிருந்த அமிர்தம் ஐயோ என்றாள். எனக்குக் கை முழுதும் நெருப்புப் பிடித்ததுபோல் எரிந்தது. அப்போதுதான் எந்தக் கை என்று பார்த்தேன். இடது கை அவன் சட்டையைப் பிடித்திருந்தது. எரிந்தது வலது கை.

சிங்காரம் அசையவில்லை. அறை வாங்கிய கன்னத்தை மெதுவாகத் தொட்டு, விரலால் ஒவ்வொரு தடமாகத் தடவிப் பார்த்தான். கண்ணிலிருந்து தண்ணீர் கொட்டியது, வாயோ காது வரை சிரித்தது. வெளிச்சம் படும்படி முகத்தைத் திருப்பி, அமிர்தத்திடம் காட்டினான்.

"தங்கச்சி, நல்லா பாத்துச் சொல்லு. அஞ்சும் தனித்தனியா உழுந்திருக்கா?"

அமிர்தம் கிட்டே வந்து குனிந்து, நெற்றியைச் சுருக்கிக்கொண்டு பார்த்தாள்.

"உழுந்திருக்குண்ணே. சுண்டு வெரல் மட்டும் கொஞ்சம் கோணலா உழுந்திருக்கு," என்றாள்.